போலிஷ் பேசுபவர் ஆங்கிலச் சொல்வளத்தை உயர்நிலைக்குக் கொண்டுபோவது எப்படி: முழுமையான வழிகாட்டி

போலந்தில் பள்ளி இறுதித் தேர்வுக்குப் பெயர் 'மத்தூரா'. அதில் ஆங்கிலத்தின் விரிவுநிலைத் தாளை நன்றாக எழுதித் தேறியவர், ஐரோப்பிய மொழிச் சட்டகத்தின்படி பி2 அளவில், அதாவது ஏ1 முதல் சி2 வரையான ஆறு படிகளில் நான்காவதில், நிற்கிறார். செய்தி படிப்பார், படம் பார்ப்பார், அலுவலகக் கூட்டத்தில் தயங்காமல் பேசுவார். அதற்கு மேல்தான் வண்டி நகர மறுக்கிறது. சொற்பட்டியல்களை வாங்கி மனப்பாடம் செய்கிறார். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால், படிக்கும்போது புரிகிற சொற்கள் கூடியிருக்கின்றன, பேச்சிலும் எழுத்திலும் வருகிற சொற்கள் பழைய இடத்திலேயே இருக்கின்றன.

உழைப்பில் குறை இல்லை. போலிஷ் சொல் ஒன்று, அதற்கு ஆங்கிலச் சொல் ஒன்று என்று ஜோடி கட்டிப் படிப்பதுதான் கோளாறு. பி2 வரைக்கும் அந்த ஜோடி ஓரளவு தாங்கும். அடுத்த படியான சி1-இல் அது உடைகிறது. அங்கே ஒரு போலிஷ் சொல் நான்கு ஆங்கிலச் சொற்களாகப் பிரிகிறது. பார்க்க ஒரே மாதிரி இருக்கும் சொல் வேறு பொருள் தருகிறது. ஆகவே இந்த வழிகாட்டி முழுக்க ஒரே வேலையைத்தான் செய்யச் சொல்கிறது: ஜோடிகளை விட்டுவிட்டு, சொல்லை அதன் கூட்டாளிகளோடு சேர்த்துப் பிடியுங்கள்.

போலிஷ் மாணவர்களுக்கு ஆங்கிலம் சொல்லித்தரும் தமிழ் ஆசிரியர்களுக்கும், ஒரு மொழியின் நிழல் இன்னொன்றின்மேல் எப்படி விழுகிறது என்று அறிய விரும்புபவர்களுக்கும் இது பயன்படும். போலிஷ் சொற்களையும் ஆங்கிலச் சொற்களையும் தமிழ் எழுத்திலேயே தருகிறோம். ஒலி ஏறத்தாழத்தான் வரும்; துல்லியமான ஒலிக்கு ஒலிப்பதிவுள்ள அகராதியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 1: நிற்கும் இடத்தை அளந்து பாருங்கள்

ஆங்கில நாளிதழ் ஒன்றின் தலையங்கத்திலிருந்து 300 சொற்கள் கொண்ட ஒரு பகுதியை எடுங்கள். தெரியாத சொற்களை அடிக்கோடிடுங்கள். 6 அல்லது அதற்குக் குறைவாக இருந்தால், 98 விழுக்காடு தெரிகிறது என்று பொருள். அகராதி இல்லாமல் வாசிக்கலாம். 15-க்கு மேல் போனால் அந்த வகை எழுத்து இப்போதைக்குக் கடினம், ஒரு படி இறங்குங்கள். இந்த 98 விழுக்காட்டைத் தொட எழுத்து ஆங்கிலத்துக்கு 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் வேண்டும் என்று நியூசிலாந்தின் சொல்வள ஆய்வாளர் பால் நேஷன் 2006-இல் கணக்கிட்டார். ஒரு வேர்ச்சொல்லும் அதிலிருந்து கிளைப்பவையும் சேர்ந்தது ஒரு குடும்பம்.

போலிஷ்காரருக்கு இதோடு அளவு முடியாது. அதே பகுதியில் போலிஷ் போலத் தெரியும் சொற்களை எல்லாம் வேறு நிறத்தில் வட்டமிடுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒருமொழி அகராதியில், அதாவது ஆங்கிலத்திலேயே விளக்கம் தரும் அகராதியில், பொருளைச் சரிபாருங்கள். தெரியாத சொல் கண்ணில் உறுத்தும், நின்று பார்ப்போம். தெரிந்ததாகத் தோன்றும் தவறான சொல் உறுத்தாமலே கடந்து போய்விடும். வட்டமிட்டதில் எத்தனை பிழை என்பதுதான் முதல் கணக்கைவிட முக்கியமான எண்.

படி 2: லத்தீன் சீதனத்தை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள்

போலிஷ் ஸ்லாவிய மொழிதான். ஆனால் கல்வி, சட்டம், அறிவியல் எல்லாம் நூற்றாண்டுகளாக லத்தீன் வழியாக வந்ததால், ஆயிரக்கணக்கான லத்தீன் சொற்கள் அதில் வேரூன்றியிருக்கின்றன. ஈறுகள் ஒழுங்காக மாறும். போலிஷில் 'ட்ஸ்யா' என்று முடிவது ஆங்கிலத்தில் 'ஷன்' ஆகும்: 'ரெவோலூட்ஸ்யா' என்பது 'ரெவல்யூஷன்'. 'இஸ்ம்' என்பது 'இசம்'. 'இச்னி' என்று முடியும் பெயரடை 'இக்' அல்லது 'இக்கல்'. 'ஓவாச்' என்று முடியும் வினைகளில் பெரும்பகுதி ஆங்கிலத்தில் 'ஏட்', 'ஐஸ்', 'இஃபை' என்று வரும்.

ஏவரில் காக்ஸ்ஹெட் 2000-இல் வெளியிட்ட கல்விச் சொற்பட்டியலில் 570 சொற்குடும்பங்கள் உள்ளன. கல்வி நூல்களில் வரும் சொற்களில் ஏறத்தாழ 10 விழுக்காடு இவைதான். பெரும்பாலானவை லத்தீன், கிரேக்க வழி வந்தவை. அதனால் போலிஷ்காரர் இந்தப் பட்டியலில் பாதி தூரம் ஏற்கெனவே வந்திருப்பார். ஒரே வாரத்தில் முழுப் பட்டியலையும் ஓட்டிப் பார்த்து மூன்று குவியலாகப் பிரியுங்கள்: பொருளும் பயன்பாடும் போலிஷைப் போலவே இருப்பவை, பொருள் மாறுபவை, போலிஷில் இல்லாதவை. முதல் குவியலுக்கு மனப்பாட அட்டை (முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் விடை) எழுத வேண்டாம், உச்சரிப்பை மட்டும் கேளுங்கள். நேரம் முழுவதும் மற்ற இரண்டுக்கும் போகட்டும்.

படி 3: பொய் நண்பர்களைக் களையெடுங்கள்

இரு மொழியிலும் ஒரே மாதிரி தோன்றி வேறு பொருள் தரும் சொற்களுக்குப் பொய் நண்பர்கள் என்று பெயர். 'அக்துவால்னியே' என்றால் போலிஷில் 'தற்போது'. ஆங்கில 'ஆக்சுவலி' என்றால் 'உண்மையில்'. இதைத் தொடக்கநிலையிலேயே சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள், பெரும்பாலானோர் திருத்திக்கொள்கிறார்கள். 'எவென்துவால்னியே' அப்படித் தொலைவதில்லை. அதற்குப் பொருள் 'வேண்டுமானால், அப்படி நேர்ந்தால்'. ஆங்கில 'இவென்சுவலி' என்பது 'கடைசியில் நடந்தே தீர்ந்தது' என்ற நிச்சயத்தைத் தருகிறது. ஒப்பந்தக் கடிதத்தில் 'வேண்டுமானால் விலையைக் குறைக்கலாம்' என்று எழுத நினைத்தவர் 'இவென்சுவலி குறைப்போம்' என்று எழுதினால், வாக்குறுதியே கொடுத்துவிட்டார்.

உயர்நிலையில் தொல்லை தருபவை இன்னும் நுட்பமானவை:

'பாதெதிச்னி' போலிஷில் உணர்ச்சி பொங்கும், கம்பீரம் மிகுந்த நடையைக் குறிக்கும். ஆங்கில 'பதெட்டிக்' பரிதாபமானது, அன்றாடப் பேச்சில் கேவலமானது. ஒருவரின் உரையைப் பாராட்டுவதாக நினைத்து இந்தச் சொல்லை எடுத்தால் அவமானப்படுத்தியதாகிவிடும்.

'ஒப்ஸ்குர்னி' என்பது அழுக்கடைந்த, கீழ்த்தரமான இடத்தைச் சொல்வது. ஆங்கில 'அப்ஸ்க்யூர்' என்பது தெளிவில்லாதது அல்லது பலர் அறியாதது.

'அதெக்வாத்னி' என்றால் பொருத்தமானது, சூழ்நிலைக்கு ஏற்றது. ஆங்கில 'அடிக்வட்' என்றால் போதுமானது, பல இடங்களில் 'ஏதோ ஒப்பேறும்' என்ற தொனியும் உண்டு. பணி அறிக்கையில் சக ஊழியரின் வேலையை இப்படி எழுதினால் அவருக்கு மனம் சுருங்கும்.

'கொன்செக்வென்த்னி' என்பவர் சொன்ன சொல் மாறாமல் நடப்பவர். ஆங்கிலத்தில் அவர் 'கன்சிஸ்டன்ட்'. ஆங்கில 'கான்சிக்வென்ட்' என்பது 'அதன் விளைவாக வந்த'.

'எக்ஸ்பெர்திசா' நிபுணர் எழுதித் தரும் அறிக்கை, 'எக்ஸ்பர்டீஸ்' நிபுணத்துவம். 'திவெர்ஸ்யா' நாசவேலை, 'டைவர்ஷன்' மாற்றுப்பாதை அல்லது கவனத்தைத் திருப்புவது. 'பராகோன்' கடையில் தரும் ரசீது. 'பாரகன்' ஒரு குணத்துக்கு முழு உதாரணமாகத் திகழ்பவர். 'லுனாதிக்' தூக்கத்தில் நடப்பவர், 'லூனட்டிக்' பைத்தியக்காரர். 'ஹாசார்த்' சூதாட்டம், 'ஹசர்ட்' ஆபத்து. 'பிரெசெர்வாதிவா' ஆணுறை; 'பிரிசர்வேட்டிவ்' உணவு கெடாமல் இருக்கச் சேர்ப்பது. கடைசி ஜோடியை ஆங்கிலம் பேசுபவர்கள்தான் போலந்தில் மாற்றிச் சொல்லி மாட்டிக்கொள்வார்கள்.

எண்ணிலும் ஒன்று இருக்கிறது. ஆங்கில 'பில்லியன்' 100 கோடி. போலிஷில் அதற்கு 'மிலியார்த்' என்று பெயர். போலிஷ் 'பிலியோன்' ஒரு லட்சம் கோடி, ஆங்கிலத்தில் அது 'டிரில்லியன்'. நிதி அறிக்கை மொழிபெயர்ப்பவர் இதில் தவறினால் தொகை ஆயிரம் மடங்கு பிசகும்.

களையெடுக்கும் முறை: ஒவ்வொரு பொய் நண்பருக்கும் இரண்டு அட்டை எழுதுங்கள். ஒன்றில் ஆங்கில வாக்கியம், அதன் சரியான போலிஷ் பொருள். மற்றொன்றில் போலிஷ் வாக்கியம், அதற்குச் சரியான ஆங்கிலச் சொல். ஒரு அட்டை மட்டும் எழுதினால் தவறான வாசல் திறந்தே கிடக்கும். வாரத்துக்கு ஐந்து ஜோடிக்கு மேல் எடுக்காதீர்கள். ஒரே நாளில் இருபது படித்தால் எது எதனுடைய பொருள் என்று குழம்பிப் புதிய பிழைகள் முளைக்கும்.

படி 4: ஒன்று பலவாகப் பிரியும் இடங்கள்

இதுதான் வழிகாட்டியின் நடுநாயகம். இங்கே நேரம் செலவழியுங்கள்.

எளிய உதாரணம் தமிழருக்கு உடனே புரியும். நமக்குக் கை என்றால் தோள் முதல் விரல் நுனிவரை. போலிஷ் 'ரேன்கா'வும் அப்படித்தான். ஆங்கிலம் அதை 'ஆர்ம்', 'ஹேண்ட்' என்று வெட்டுகிறது. காலும் அப்படியே, கைவிரலும் கால்விரலும் அப்படியே. அருவமான சொற்களிலும் போலிஷ் இதே போல ஒரே சொல்லை நீட்டி வைத்திருக்கிறது. 'பொலித்திகா' அரசியலும் கொள்கையும். 'பெஸ்பியெச்சென்ஸ்த்வோ' ஆங்கிலத்தில் விபத்திலிருந்து காக்கும் 'சேஃப்டி', தாக்குதலிலிருந்து காக்கும் 'செக்யூரிட்டி' என்று இரண்டு. 'ஒத்போவியெஜால்னொஷ்ச்' பொறுப்புக்கு 'ரெஸ்பான்சிபிலிட்டி', சட்டப்படி ஈடுசெய்யும் கடமைக்கு 'லயபிலிட்டி'. 'விகோத்னி' நாற்காலிக்கு 'கம்ஃபர்டபிள்', நேரத்துக்கு 'கன்வீனியன்ட்'. 'போஷிச்சிச்' கடன் வாங்குவதும் கொடுப்பதும்.

இப்போது ஒரு சொல்லை நெருங்கிப் பார்ப்போம். 'வாகோஜிச்' என்றால் கடுமையைக் குறைப்பது, தணிப்பது. போலிஷ்காரர் இதற்கு ஒரு நாள் 'மிட்டிகேட்' என்ற அழகான சொல்லைக் கற்கிறார். மறுநாளிலிருந்து வலியையும் 'மிட்டிகேட்' செய்கிறார், தொண்டைக் கரகரப்பையும் செய்கிறார், குரலின் காரத்தையும் செய்கிறார். அகராதி அவரைத் திருத்தாது; எல்லாமே தணிப்பதுதான். ஆனால் ஆங்கிலத்தில் ஒவ்வொன்றுக்கும் வேறு ஆள் வருகிறார்:

வலியை 'ரிலீவ்' அல்லது 'ஈஸ்' செய்வார்கள். எரிச்சலான தோலையும் தொண்டையையும் 'சூத்' செய்வார்கள். துன்பத்தையும் வறுமையையும் 'அலீவியேட்' செய்வார்கள். பதற்றமான சூழ்நிலையை 'டிஃப்யூஸ்' செய்வார்கள். விதிமுறைகளை 'ரிலாக்ஸ்' செய்வார்கள். குரலின் தொனியை 'சாஃபன்' செய்வார்கள். 'மிட்டிகேட்' இடர்ப்பாட்டோடும் பாதிப்போடும் விளைவோடும் வரும். நீதிமன்றத்தில் தண்டனையைக் குறைக்கும் சூழ்நிலைக்குப் போலிஷில் இதே 'வாகோஜிச்' வேரிலிருந்து ஒரு தொடர் உண்டு. அதற்கு ஆங்கிலத்தில் 'மிட்டிகேட்டிங் சர்கம்ஸ்டன்சஸ்'. இங்கே மட்டும் இரண்டு மொழியும் கச்சிதமாகப் பொருந்துகின்றன.

இதைச் செய்யும் வழி. ஒரு தாளின் நடுவில் போலிஷ் வினையை எழுதுங்கள். அதைச் சுற்றி, போலிஷில் அது எந்தெந்தப் பெயர்ச்சொற்களோடு வரும் என்று ஆறு முதல் எட்டு எழுதுங்கள்: வலி, விளைவு, விதி, தொனி என்று. ஒவ்வொரு பெயர்ச்சொல்லையும் ஆங்கிலத்தில் போட்டு, அதன் முன்னால் எந்த வினை வருகிறது என்று சொற்சேர்க்கை அகராதியிலோ (எந்தச் சொல்லோடு எது சேர்ந்து வரும் என்று காட்டுவது) உரைத்தொகுப்பிலோ (உண்மையான எழுத்தையும் பேச்சையும் கணினியில் தேடும்படி திரட்டியது) தேடுங்கள். பிரிட்டிஷ் தேசிய உரைத்தொகுப்பு 10 கோடிச் சொற்கள் கொண்டது; பெயர்ச்சொல்லைத் தட்டினால் பக்கத்தில் வரும் வினைகளை எண்ணிக்கையோடு வரிசையாகத் தரும். வினையிலிருந்து தேடாதீர்கள், பெயர்ச்சொல்லிலிருந்து தேடுங்கள். வினையிலிருந்து போனால் மறுபடியும் ஜோடிதான் கையில் வரும். ஒரு சொல்லுக்கு இருபது நிமிடம் ஆகும், வாரத்துக்கு மூன்று சொல் போதும்.

முதலில் எடுக்க வேண்டிய சில. 'பொபெவ்னிச்' என்ற வினை போலிஷில் குற்றத்தோடும் பாவத்தோடும் தவறோடும் வரும். ஆங்கிலத்தில் குற்றத்துக்கு 'கமிட்', சாதாரணத் தவறுக்கு 'மேக்'. 'கமிட் எ மிஸ்டேக்' என்று கேட்டாலே பேசுபவர் எங்கிருந்து வருகிறார் என்று பழகிய காது ஊகித்துவிடும். 'ச்சென்ஷ்கி' என்றால் கனமான. போலிஷில் நோய் கனமானது. ஆங்கிலத்தில் அது 'சீரியஸ்'. ஆனால் போலிஷில் 'பெரிய' போக்குவரத்து ஆங்கிலத்தில் 'ஹெவி' ஆகிறது, புகைக்கு அடிமையானவரும் 'ஹெவி ஸ்மோக்கர்' ஆகிறார். கனம் இரண்டு மொழியிலும் இருக்கிறது, வைக்கும் இடம்தான் வேறு.

போலிஷ் வினைகளின் இரட்டை வடிவத்தையும் இங்கே கவனியுங்கள். நடந்துகொண்டிருக்கும் செயலுக்கு ஒரு வினை, முடிந்த செயலுக்கு இன்னொன்று. 'ஸ்தாவாச்' தேர்வு எழுதுவது, 'ஸ்தாச்' தேறுவது. ஆங்கிலத்தில் இவை 'டேக்', 'பாஸ்' என்று முழுக்க வேறு வேர்கள். 'உச்சிச் ஷே' என்பது 'ஸ்டடி', 'நாஉச்சிச் ஷே' என்பது 'லேர்ன்'. வற்புறுத்திப் பார்ப்பதற்கும் சம்மதிக்க வைத்துவிடுவதற்கும் போலிஷில் ஒரே வேரின் இரு வடிவங்கள். ஆங்கிலத்தில் முதலாவதற்கு 'ட்ரை டு பர்சுவேட்', இரண்டாவதற்கு மட்டும்தான் 'பர்சுவேட்'. வேர் ஒன்றே என்பதால் கற்பவர் இரண்டுக்கும் ஒரே ஆங்கில வினையைப் போட்டுவிடுகிறார், நடக்காதது நடந்ததாகிவிடுகிறது.

படி 5: ஃப்ரேசல் வெர்ப்களுக்குப் போலிஷ் முன்னொட்டே ஏணி

லத்தீன் சீதனத்துக்கு ஒரு விலை உண்டு. போலிஷ்காரர் அன்றாடப் பேச்சிலும் 'டாலரேட்', 'இன்வெஸ்டிகேட்', 'எக்ஸ்டிங்விஷ்' என்று லத்தீன் வினைகளாகவே எடுப்பார், ஏனென்றால் அவை வீட்டுச் சொற்கள் போல இருக்கின்றன. பிழை இல்லை. ஆனால் நண்பர்களோடு பேசும் பேச்சு அரசு அறிவிப்பு போல ஒலிக்கும். அங்கே 'புட் அப் வித்', 'லுக் இன்டு', 'புட் அவுட்' வேண்டும். வினையோடு சிறு சொல் சேர்ந்து புதுப் பொருள் தரும் இவைதான் ஃப்ரேசல் வெர்ப்கள்.

இவற்றை அகரவரிசையில் மனப்பாடம் செய்வது வீண் உழைப்பு. போலிஷ் வினையின் தலையில் ஒட்டும் சிறு அசைகள் ஆங்கில வினையின் வாலில் வரும் சிறு சொற்களின் வேலையைத்தான் செய்கின்றன. 'வி' என்ற முன்னொட்டு 'அவுட்': 'விஷூச்சிச்' என்பது 'த்ரோ அவுட்'. 'ப்ஷே' என்பது 'ஓவர்' அல்லது 'த்ரூ': 'ப்ஷெமிஷ்லெச்' என்பது 'திங்க் ஓவர்', ஒரு நிறுவனத்தை இன்னொன்று எடுத்துக்கொள்ளும் 'ப்ஷெயொஞ்ச்' என்பது 'டேக் ஓவர்'. 'ரொஸ்' என்பது 'அபார்ட்': 'ரொஸ்பாஷ்ச் ஷே' என்பது 'ஃபால் அபார்ட்'. 'ஒத்' என்பது 'பேக்' அல்லது 'ஆஃப்': 'ஒத்தாச்' என்பது 'கிவ் பேக்'. இருப்பதிலேயே அழகானது 'ஒத்வோவாச்'. 'வோவாச்' என்றால் அழைப்பது, முன்னால் 'ஒத்'. அப்படியே 'கால் ஆஃப்', பொருளும் அதுவே: ரத்து செய்வது.

ஒரு வாரத்துக்கு ஒரு முன்னொட்டு என்று எடுத்து, அதில் பொருந்தும் பத்து வினைகளைத் திரட்டுங்கள். பொருந்தாதவை ஏராளம். 'கிவ் அப்', 'மேக் அப்', 'டர்ன் டவுன்' போன்றவற்றுக்கு முன்னொட்டு வழிகாட்டாது. அவற்றைத் தனியாக, வாக்கியத்தோடு படியுங்கள்; வலிந்து பொருத்தினால் ஏணியே வழுக்கும்.

மரபுத்தொடர்களில் ஒரே ஒரு எச்சரிக்கை. சுற்றிவளைத்துப் பேசுவதைப் போலிஷில் 'பஞ்சில் சுற்றுவது' என்பார்கள். ஆங்கிலத்திலும் பஞ்சில் சுற்றும் தொடர் இருக்கிறது. அங்கே அது ஒருவரைப் பொத்திப் பொத்தி வளர்ப்பது. உவமை ஒன்றாக இருந்தால் பொருளும் ஒன்று என்று நம்பாதீர்கள்.

படி 6: எழுத்தோடு ஒலியையும் சேர்த்துப் பிடியுங்கள்

போலிஷ் எழுதியபடியே வாசிக்கும் மொழி, அழுத்தம் பெரும்பாலும் கடைசிக்கு முந்தைய அசையில் விழும். இந்தப் பழக்கம் ஆங்கிலத்துக்குக் கூடவே வருகிறது. வாசித்து மட்டும் சொல் சேர்த்தவர் 'எபிட்டமி'யை 'எபிடோம்' என்பார். நுட்பமானதைச் சொல்லும் 'சட்டில்' என்ற சொல்லில் ஒலிக்காத 'பி' எழுத்தை ஒலிப்பார், ஏனென்றால் போலிஷ் 'சுப்தெல்னி'யில் அது ஒலிக்கிறது. உளவியலுக்கான சொல்லின் முதல் எழுத்தையும் அப்படியே உச்சரிப்பார்.

அழுத்தத்துக்கு 'ஃபோட்டோகிராஃப்' நல்ல பாடம்: முதல் அசையில் அழுத்தம். 'ஃபட்டாக்ரஃபர்' ஆனதும் இரண்டாம் அசைக்குப் போகும், 'ஃபோட்டோகிராஃபிக்' ஆனதும் மூன்றாவதற்கு. ஆகவே சொற்குடும்பத்தை மொத்தமாகக் கேட்டுத் திரும்பச் சொல்லுங்கள்.

போலிஷில் சொல்லின் கடைசியில் வரும் அதிரொலி, அதாவது தொண்டை அதிர ஒலிக்கும் மெய், அதிர்வை இழந்துவிடும். இதனால் ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லும் வினையும் ஒன்றாகிவிடுகின்றன: அறிவுரைக்கான 'அட்வைஸ்', அறிவுரை சொல்வதற்கான 'அட்வைஸ்'. தமிழ் எழுத்திலும் இவை ஒன்றுதான். ஆங்கிலத்தில் இரண்டாவதன் கடைசி ஒலி வண்டின் ரீங்காரம் போல அதிர வேண்டும், முன் உயிரும் சற்று நீள வேண்டும். 'டிவைஸ்' இணையும், 'ப்ரூஃப்', 'ப்ரூவ்' இணையும் இதே வகை.

உச்சரிப்பில் போலிஷ் வாடை இருந்தால் குற்றமே இல்லை. யூசெஃப் கொஷெனியோவ்ஸ்கி 1857-இல் போலிஷ் குடும்பத்தில் பிறந்து, பிரெஞ்சுக்குப் பிறகு இருபது வயதுக்கு மேல் ஆங்கிலம் கற்று, ஜோசப் கான்ராட் என்ற பெயரில் ஆங்கில நாவலின் பெரிய கலைஞராக நின்றார். அவர் பேச்சில் போலிஷ் வாடை கடைசிவரை இருந்தது. நாம் திருத்துவது வாடையை அல்ல, சொல்லையே அடையாளம் தெரியாமல் ஆக்கும் அழுத்தப் பிழையை.

படி 7: அட்டைகளும் இடைவெளியும்

இந்த வேலைக்கான கருவி போலந்திலேயே பிறந்தது. போஸ்னனில் மாணவராக இருந்த பியோத்தர் வோஸ்னியாக், தான் படித்த ஆங்கிலச் சொற்களும் உயிரியலும் மறந்துபோவதைத் தடுக்க 1985-இல் காகிதத்தில் ஒரு கால அட்டவணை போட்டார்: 1, 7, 16, 35 நாள் கழித்து மறுபார்வை, அதன்பின் ஒவ்வொரு முறையும் இரட்டிப்பு. 1987-இல் அது 'சூப்பர்மெமோ' என்ற கணினி நிரலானது. பின்னால் வந்த 'ஆன்கி' செயலி அதன் இரண்டாம் கணக்கு முறையை அடியொற்றியது. கணினி இல்லாதவர் காகித அட்டைகளோடு அதே 1, 7, 16, 35-ஐப் பின்பற்றினால் போதும்.

அட்டையில் என்ன எழுதுவது என்பதில்தான் வெற்றியும் தோல்வியும். முன்பக்கம் 'வாகோஜிச்', பின்பக்கம் ஆறு ஆங்கில வினைகள் என்று எழுதினால் அந்த அட்டை சாகும். ஆறில் நான்கு நினைவுக்கு வந்தால் சரியா, தவறா என்றே சொல்ல முடியாது. ஒரு அட்டை ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும். முன்பக்கம் முழு ஆங்கில வாக்கியம், சொல் இருந்த இடத்தில் வெற்றிடம், அதன் முதல் எழுத்து, பக்கத்தில் போலிஷில் சூழல் காட்டும் ஒரு சொல். பின்பக்கம் விடையும் ஒலிப்பதிவும். வலிக்கு ஓர் அட்டை, விதிமுறைக்கு ஓர் அட்டை, இடர்ப்பாட்டுக்கு ஓர் அட்டை. வாக்கியம் நீங்கள் படித்த எழுத்திலிருந்தே வரட்டும். எங்கே பார்த்தோம் என்ற நினைவு பாதி வேலையைச் செய்துவிடும்.

அளவு: நாளொன்றுக்கு 5 புதிய சொற்சேர்க்கைகள், வாரத்தில் 5 நாள். சொற்சேர்க்கைக்கு 2 அட்டை என்றால் நாளைக்கு 10. இரண்டு மூன்று மாதத்தில் மறுபார்வை நாளொன்றுக்கு 80 முதல் 100 அட்டை என்ற அளவில் நிற்கும், 15 நிமிட வேலை. ஆர்வத்தில் நாளைக்கு 30 புதிய அட்டை போட்டவர்கள் இரண்டாம் மாதத்தில் 300 மறுபார்வையைப் பார்த்து மலைத்துச் செயலியையே அழித்துவிடுகிறார்கள். குறைவாகப் போட்டு, ஒரு நாளும் விடாமல் பாருங்கள்.

படி 8: சொல்லை வெளியே எடுக்கும் பயிற்சி

அட்டையில் சரியாகச் சொன்ன சொல் பேச்சில் தானாக வராது. வாரத்துக்கு இரண்டு முறை 150 சொற்களில் ஒரு பத்தி எழுதுங்கள். அந்த வாரத்தின் சொற்சேர்க்கைகளில் குறைந்தது ஐந்து அதில் வரட்டும். எழுதி முடித்ததும் ஒவ்வொரு வினை–பெயர் இணையையும் உரைத்தொகுப்பில் தட்டிப் பாருங்கள். ஒருமுறைகூட வராத இணை என்றால் அது போலிஷிலிருந்து வந்தது என்று சந்தேகப்படலாம்.

கேம்பிரிட்ஜின் சி1 அட்வான்ஸ்டு தேர்வில் இதற்கு அருமையான பயிற்சி வடிவம் உண்டு. ஒரு வாக்கியம் கொடுத்து, தரப்பட்ட சொல்லை மாற்றாமல் பயன்படுத்தி, 3 முதல் 6 சொற்களுக்குள் அதே பொருளில் வேறு வாக்கியத்தை நிரப்பச் சொல்வார்கள். மொத்தம் 6 கேள்வி. தேர்வு எழுதாதவர்களும் நாளொன்றுக்கு மூன்று செய்யலாம். போலிஷ் வழியாகப் போக இதில் வழியே இல்லை. ஆங்கிலத்திலிருந்து ஆங்கிலத்துக்கே தாவ வேண்டும். இதே தேர்வில் வேர்ச்சொல்லிலிருந்து சொல் ஆக்கும் பகுதியில் 8 வெற்றிடங்கள் வரும். அங்கே எதிர்மறை முன்னொட்டுகள்தான் போலிஷ்காரரைச் சறுக்க வைக்கும், ஏனென்றால் போலிஷ் பெரும்பாலும் 'நியே' என்ற ஒன்றையே ஒட்டுகிறது. ஆங்கிலம் 'அன்', 'இன்', 'டிஸ்' என்று பங்கு போடுகிறது. ஆர்வமில்லாதவர் 'அன்இன்ட்ரஸ்டட்', பக்கம் சாராதவர் 'டிஸ்இன்ட்ரஸ்டட்'. பெயரடை படிக்கும்போதே அதன் எதிர்மறையையும் அதே அட்டையின் ஓரத்தில் குறித்துவையுங்கள்.

மாதக் கடைசியில், நான்கு முறைக்கு மேல் தவறிய அட்டைகளைத் தனியே எடுங்கள். அவற்றைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதில் பயனில்லை, அட்டையிலேயே கோளாறு. இரண்டு ஒத்த சொற்கள் மோதுகின்றனவா என்று பாருங்கள். மோதினால் ஒன்றை இரண்டு மாதம் ஒதுக்கிவையுங்கள். முன்பக்கப் போலிஷ் குறிப்பு இரண்டு விடைகளுக்கு இடம் தருகிறதா என்று பாருங்கள். தந்தால் குறிப்பை மாற்றுங்கள். இரண்டும் இல்லையென்றால் வாக்கியம் உயிரில்லாமல் இருக்கிறது. அதை அழித்துவிட்டு, அந்தச் சொல் அடுத்தமுறை வாசிப்பில் எதிர்ப்படும்போது அங்கிருக்கும் வாக்கியத்தை வைத்துப் புதிதாக எழுதுங்கள்.